வெட்டாமல் விட்ட நாற்பது நிமிடம்

நயீபே சண்டை போட்டுக்கொண்டு போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆனாலும் திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று நாள், பகல் பன்னிரண்டு அடித்ததும், அவள் மரெல்விஸின் பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். லட்சக்கணக்கான பேர் அதைப் பார்த்தார்கள். சொந்த ஊரான பாரங்கியாவில் பார்த்தார்கள், ஊரைவிட்டு மாட்ரிட்டுக்கும் மயாமிக்கும் பிழைக்கப் போனவர்களும் பார்த்தார்கள். "உங்க ரெண்டு பேரையும் பார்த்தாலே வயிறு நிறையுது" என்று கமென்ட் போட்டார்கள். அட பாவிகளா, இங்கே வயிறு எரிவது உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று மரெல்விஸ் நினைத்துக்கொள்வாள்.

விஷயம் இதுதான். 'அடுப்படி கொமாத்ரேக்கள்' சேனலில் அன்றன்று சமைத்து அன்றன்று போடுகிற பழக்கமே கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள் அடுப்பை அணைக்காமல் பன்னிரண்டு சமையல் செய்து பன்னிரண்டையும் படம் பிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு சமையலுக்கும் வேறு சட்டை, வேறு தோடு. அப்புறம் மாதம் முழுக்க மரெல்விஸ் கணினி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டி, நாளும் நேரமும் குறித்து வைப்பாள். அது தானாகப் போய்க்கொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்குச் சுடச்சுடச் சோறு. இவர்களுக்கோ அது என்றைக்கோ தின்று செரித்த சோறு.

சண்டை வந்தது பன்னிரண்டும் எடுத்து முடித்த மறுநாள். இப்போது ஒன்பது போய்விட்டது, மிச்சம் மூன்று. அந்த மூன்றும் தீர்வதற்குள் நயீபே வராவிட்டால் எல்லாம் முடிந்தது. சேனல் போனால்கூடப் போகட்டும், மரெல்விஸுக்குத் தையல் தெரியும். கொமாத்ரே போனால் என்ன செய்வது?

கொமாத்ரே என்றால் சும்மா சிநேகிதி இல்லை. மரெல்விஸின் மகளைக் கோயிலில் ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் ஏந்தி நின்று ஞானத்தாய் ஆனவள் நயீபே. அன்றிலிருந்து பெற்றவளும் ஏந்தியவளும் ஒருவருக்கொருவர் கொமாத்ரே. கூடப்பிறந்தவளோடு சண்டை போட்டால் தெருவில் ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கொமாத்ரேயோடு போட்டால் பாதிரியார் வரைக்கும் விசாரிப்பார்.

ஆரம்பித்தது மருந்துக்கடை வரிசையில். முன்னால் நின்ற ஒருத்தி நயீபேயைத் திரும்பிப் பார்த்து, "ஐயோ, நீங்க அந்த வீடியோல வர்றவங்கதானே! அந்தம்மா வீட்டுல எத்தனை வருஷமா வேலை செய்யறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். நயீபே வாங்க வந்த மருந்தைக்கூட வாங்காமல் வீட்டுக்குப் போனாள். முட்டை அவிக்கும்போது வைக்கிற டைமரைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றைய வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். பிறகு தெருவைத் தாண்டி நேராக மரெல்விஸின் அடுப்படியில் வந்து நின்றாள்.

"பதினெட்டு நிமிஷ வீடியோ. அதுல நான் பேசறது நாலு நிமிஷம். நாலே நாலு. மத்ததெல்லாம் எங்கடி போச்சு?"

"வெட்டினேன். நீளமா இருந்துச்சு."

"என் பேச்சுன்னா நீளம். உன் பேச்சுன்னா குட்டையா?"

இரண்டு நாள் அடுப்படி வெக்கையில் வெந்தவள் மரெல்விஸ். இடுப்பு வேறு கழன்று விழுகிற மாதிரி வலி. அந்த எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது.

"உன் பேச்சை முழுசா விட்டா ஜனங்க தூங்கிடும், கொமாத்ரே."

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். என்ன பிரயோஜனம்? நயீபே கத்தியிருந்தால்கூடத் தேவலை, அவள் கத்தவில்லை. அடுப்பின்மேல் இருந்த பெரிய அலுமினியச் சோற்றுச் சட்டியை எடுத்தாள். அது அவளுடையது, அவள் கல்யாணத்துக்கு வந்தது, அடி கரேலென்று இருக்கும், வீடியோ பார்க்கிறவர்கள் அந்தச் சட்டிக்கென்றே தனியாக இதயம் போடுவார்கள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவள்தான். அதற்கப்புறம் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூன்று வாரம் ஓட்டினார்கள்.

முதல் வாரம் மரெல்விஸுக்கும் ரோஷம்தான். போனால் போகிறாள் என்று நயீபேயின் நாலு நிமிடத்தை மூன்றாக்கினாள். இரண்டாம் வாரம் ரோஷம் கொஞ்சம் இளைத்தது. மூன்றாம் வாரம் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. சனிக்கிழமை காலையில் அவள் புதுச் சட்டி ஒன்றை வாங்கி வந்து, கேமராவை வைத்து, தனியாகவே தட்டைப்பயறு சமைத்துப் பார்த்தாள். முடித்துப் போட்டுப் பார்த்தால், ஒரு பொம்பிளை பயறோடு பேசிக்கொண்டிருந்தாள். சகிக்கவில்லை.

அந்தப் பயற்றை மத்தியானம் அவள் கணவன் ரமிரோவுக்குப் போட்டாள். ரமிரோ டவுன் பஸ் ஓட்டுகிறவன், சாப்பாட்டில் நொட்டை சொல்லாத மனுஷன். ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லைன்னா எதுக்குக் கூரையைப் பார்க்கறே? அங்கேயா பயறு இருக்கு?"

"கோவிச்சுக்காதே. உப்பு இல்லை. இன்னிக்குன்னு இல்லை, மூணு வாரமாவே இல்லை. நீ இருக்கற மூடுல எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"இப்ப வர்ற உப்பு சரியில்லை."

"ஆமாமா, உப்பு மேல தப்பு" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மரெல்விஸ் கணினியைத் திறந்தாள். மூன்று வீடியோவை ஐந்தாக்க முடியுமா என்று பார்ப்பதுதான் யோசனை. வெட்டிப் போட்ட துண்டுகளை அவள் அழிப்பதில்லை, நாலு வருடத்துத் துண்டும் பெட்டி பெட்டியாக உள்ளேயே கிடந்தது. குப்பையைக் கிளறினால் ஏதாவது தேறாதா?

அவள் வெட்டுகிற விதம் ஒன்று உண்டு. திரையின் அடியில் சத்தம் ஒரு கோடாக ஓடும். பேசினால் கோடு எகிறும், பேசாவிட்டால் படுத்துவிடும். படுத்த இடத்தையெல்லாம் அவள் பார்க்கக்கூட மாட்டாள், கண்ணை மூடிக்கொண்டு வெட்டித் தள்ளுவாள். பெரும்பாலும் அது அவள் கொத்தமல்லி எடுக்கவோ உதட்டுச்சாயம் சரிபண்ணவோ உள்ளே போயிருக்கும் நேரம். கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நயீபே தனியாக நிற்பாள். அதில் பார்க்க என்ன இருக்கிறது?

இன்றைக்குத்தான் பார்த்தாள். கோழிக்குழம்பு கொதிக்கிறது. மரெல்விஸ் உள்ளே போகிறாள். நயீபே வாசல் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறாள். மூடியைத் திறந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்குகிறாள். முகம் கோணுகிறது. ஜாடிக்குள் மூன்று விரலை விட்டு உப்பை அள்ளிக் குழம்பில் போட்டுக் கிண்டி, மூடியை வைத்துவிட்டு, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவளாக நிற்கிறாள். மரெல்விஸ் புது உதட்டோடு திரும்பி வந்து ருசி பார்க்கிறாள். "அடடா! இந்தக் கைக்கு ஒரு வளையல் போடணும்!" என்று தன் கையைத் தானே முத்தமிட்டுக்கொள்கிறாள். "போடணும்தான், கொமாத்ரே" என்கிறாள் நயீபே.

மரெல்விஸ் அடுத்த துண்டைத் திறந்தாள். மீன். உப்பு. அதற்கு முந்தையது, பயறு. உப்பு. போன வருடம், அதற்கு முந்தின வருடம், முதன்முதலாகப் போட்ட மாட்டு வால் சூப்பு வரைக்கும் போய்ப் பார்த்தாள். உப்பு, உப்பு, உப்பு. சில நாள் ஒரு பிழிவு எலுமிச்சை. ஒரு நாள் அடிப்பிடிக்கப்போன சோற்றுக்குத் தீயைக் குறைத்திருக்கிறாள். நாலு வருடத்தில் ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, வாயைத் திறந்து சொன்னதில்லை.

"என்ன பாவம்டி பண்ணியிருக்கேன்!" என்று மரெல்விஸ் கணினியைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

கண்ணைத் துடைத்த கையோடு ஒரு தட்டில் சோளக் கொழுக்கட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்து, தெருவைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினாள். நயீபே கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"கொமாத்ரே, நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோ."

"எதைச் சொன்னது?"

"அதான்... தூங்கிடுவாங்கன்னு சொன்னது."

"சரி. தட்டை அங்கேயே வை. நான் பேச ஆரம்பிச்சா உனக்குத் தூக்கம் வந்துடும், நடுத்தெருவுல விழுந்துடுவே. போ, வீட்டுக்குப் போய்ப் படு."

ஜன்னல் சாத்திக்கொண்டது. வாயால் சொன்னது எடுபடவில்லை. வாயால் வந்த வினைக்கு வாயாலேயே பரிகாரம் தேடினால் எப்படி எடுபடும்? மரெல்விஸ் திரும்பி நடந்தாள். அவளுக்குத் தெரிந்த வேறு வேலை ஒன்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை வீடியோவில் நயீபேக்கு ஏழு நிமிடம் கொடுத்தாள். எதிர்வீட்டிலிருந்து சத்தமே இல்லை. புதன்கிழமை பத்து. அன்று சாயங்காலம் முக்குக் கடையில் முட்டை வாங்கப் போனபோது கடைக்கார அபெலார்டோவிடம் மெல்ல விசாரித்தாள்.

"நயீபே வந்தாளா?"

"வந்தாங்க. சோப்பு வாங்கினாங்க."

"ஏதாவது சொன்னாளா?"

"சோப்பு விலை ஏறிப்போச்சுன்னு சொன்னாங்க."

"அட, என்னைப் பத்தி!"

அபெலார்டோ மலைநாட்டுக்காரர், பேச்சில் சிக்கனம். முட்டையை ஒவ்வொன்றாகப் பையில் வைத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். "டிவியில உங்க வீடியோ ஓடிட்டிருந்துச்சு. அதைப் பார்த்துட்டு, 'இன்னிக்கு என் பேச்சு ரொம்ப நேரம் ஓடுதே, வெட்டறதுக்கு இவளுக்கு உடம்பு முடியலையா'ன்னு கேட்டாங்க."

மரெல்விஸுக்கு இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று புரியவில்லை. வீட்டுக்குப் போய் வெள்ளிக்கிழமை வீடியோவைத் திறந்தாள். பன்னிரண்டாவது, கடைசி. தேங்காய்ச் சோறு, நயீபேயின் சட்டியில் செய்தது.

அதில்தான் அந்தக் கதையும் இருந்தது. நயீபேக்குக் கல்யாணம் நடந்த அன்று அடைமழை. மழை பெய்தால் தெருவையே ஆறாக்குகிற அரோயோ வெள்ளம் கோயில் வாசலில் வந்து, மாப்பிள்ளையின் ஒரு ஷூவை அடித்துக்கொண்டு போய்விட, அவர் ஒற்றை ஷூவோடு நின்று 'சம்மதம்' சொன்ன கதை. அந்த மாப்பிள்ளை இறந்து ஆறு வருடம் ஆகிறது. நயீபே இந்தக் கதையைப் படம் பிடிக்கிற ஒவ்வொரு மாதமும் சொல்வாள். மரெல்விஸ் ஒவ்வொரு மாதமும் வெட்டுவாள். எத்தனை தடவை கேட்டாயிற்று! வேறெங்கும் அவள் அவரைப் பற்றிப் பேசுவதில்லை என்பது இப்போதுதான் மரெல்விஸின் மண்டையில் ஏறியது. அவரைத்தான் இத்தனை நாள் வெட்டியிருக்கிறாள்.

அன்றைக்கு அவள் எதையும் வெட்டவில்லை. நாற்பது நிமிடம். தான் உள்ளே போய்விட்டு வந்தது, நயீபே உப்புப் போட்டது, தான் தன் கையைத் தானே மெச்சிக்கொண்டது, ஷூ கதை, எல்லாம் அப்படியே இருந்தன. மேலே தலைப்பு மட்டும் புதிதாக எழுதினாள்: 'நாலு வருஷமா உப்புப் போட்டது என் கொமாத்ரே.' நேரம் குறித்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அக்டோபர் மழை, சொல்லிக்கொண்டா வரும்? வீடியோ போன பத்தாவது நிமிடம் கொட்ட ஆரம்பித்தது. அரைமணியில் தெருவில் அரோயோ இறங்கிவிட்டது. மேட்டுத் தெருக்களின் தண்ணீரெல்லாம் ஒன்றுசேர்ந்து, வீட்டு வாசலுக்கு வாசல் இடைவெளி விடாமல், காரையே புரட்டுகிற வேகத்தில் ஓடியது. யாரோ வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மிதந்து போயிற்று. மரெல்விஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்தாள். கமென்ட் கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு வேண்டிய கமென்ட் மட்டும் வரவில்லை. மிச்சம் வீடியோவும் இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டங், டங், டங். சட்டியில் கரண்டியால் அடிக்கிற சத்தம்.

ஓடிப்போய் வாசலில் நின்றாள். எதிர்வாசல் படியில், முழுக்க நனைந்து, கல்யாணச் சட்டியை ஒரு கையிலும் கரண்டியை மறுகையிலும் பிடித்துக்கொண்டு நயீபே நின்றிருந்தாள். நடுவில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது.

"அடியே மரெல்விஸ்! அக்குளைச் சொறியறதை எதுக்குடி விட்டு வெச்சே?"

"என்னது?"

"அக்குள்! அக்குள்! பதினேழாவது நிமிஷம்! ஊரு உலகமே பார்க்குது!"

"நீதானே வெட்டாதேன்னே!"

"பேச்சை வெட்டாதேன்னேன்டி! அக்குளையுமா? அறிவிருக்கா உனக்கு?"

மழைக்கு வீட்டுக்குள் இருந்த தெரு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து மாடியிலிருந்து ஒரு குரல், "நயீபே, இருபத்தஞ்சாவது நிமிஷமும் ஒரு தடவை சொறியறே!" என்றது. நயீபே அந்தப் பக்கம் கரண்டியை நீட்டினாள். "நீ மூடு!"

பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது, தண்ணீர் சத்தத்தில் மரெல்விஸ் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"உப்புப் போடறதையும் காட்டிட்டியே. நாலு வருஷமாப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தேனே."

"ஏன்டி சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போட்டிருப்பேனே!"

"அதான் சொல்லலை!" நயீபே கத்தினாள். "சொன்னா நீயே போட்டுக்குவே. அப்புறம் நான் எதுக்கு அங்கே?"

மரெல்விஸ் படியின் விளிம்புக்கே வந்துவிட்டாள். தெருவே பார்க்கிறதே என்ற வெட்கமெல்லாம் போய்விட்டது.

"நீ இல்லாம நாலு வாரமாச் சோறு இறங்கலைடி எனக்கு! உப்புக்காக இல்லைடி, உனக்காக!"

"உப்பும் இல்லை!" என்று அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ரமிரோ உரக்கச் சொன்னான். "நயீபே, உனக்குப் புண்ணியமாப் போகும், வந்துடு!"

நயீபேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு காலைப் படியிலிருந்து கீழே இறக்கினாள். தெருவே ஒரே குரலில் அலறியது. மரெல்விஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கூவினாள்: "வேண்டாம்! ஷூ போனது போதும், நீயும் போகாதே! தண்ணி வடியட்டும்!" நயீபே காலை எடுத்துக்கொண்டாள்.

தண்ணீர் வடிய ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆயிற்று. இருவரும் அவரவர் வாசல்படியில் உட்கார்ந்து, தெருவுக்குக் குறுக்கே கத்திக் கத்தியே நாலு வாரத்துப் பேச்சைப் பேசித் தீர்த்தார்கள். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் இறங்கியதும் நயீபே சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சேறு தெறிக்க நடந்து வந்து சேர்ந்தாள். மரெல்விஸ் அவளைச் சட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அப்பாடா, என் கொமாத்ரே வந்துட்டா, என்று அவள் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"போதும் விடு, ஈரம்" என்றாள் நயீபே. "முதல்ல அந்த அக்குளை எடு."

ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள். மரெல்விஸை வீடியோவைச் சேனலிலிருந்து எடுக்கச் சொல்லி, முதலிலிருந்து ஓடவிட்டு, திரையில் விரலை வைத்து வைத்துச் சொன்னாள்.

"இதை வெட்டு. இருமறேன், வெட்டு. இது எங்க நாத்தனாரைச் சொன்னது, பார்த்தா என்னைக் கொன்னுடுவா, வெட்டு. இதென்ன, கேஸ் சிலிண்டரைப் பத்தி இவ்வளவு நேரமா பேசினேன்?"

"ஆறு நிமிஷம்."

"வெட்டுடி. ஜனங்க தூங்கிடும்."

மரெல்விஸ் அவளைப் பார்த்தாள். நயீபே திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மரெல்விஸ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வெட்டினாள்.

ஷூ கதை வந்தது. நயீபே விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒற்றை ஷூவோடு அவர் 'சம்மதம்' சொல்கிறவரை கேட்டாள்.

"இது இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றாள் மரெல்விஸ்.

அப்புறம் உப்புப் போடுகிற இடம் வந்தது. "இதையும் எடுத்துடு, அசிங்கமா இருக்கு" என்று நயீபே விரலை நீட்டினாள். மரெல்விஸ் அந்த விரலைப் பிடித்து அப்பால் தள்ளினாள். "இந்த ஒண்ணுல மட்டும் நீ தலையிடாதே."

நயீபே முணுமுணுத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்பில் மத்தியானத்துச் சூப்பு இன்னும் சூடாக இருந்தது. அவள் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு உப்பு ஜாடி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. மரெல்விஸ் திரும்பிப் பார்க்காமல் வெட்டிக்கொண்டிருந்தாள்.